மூன்றரை வருடமாகக் கட்டம் திருப்பிக்கொண்டிருக்கிறேன்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணியாக இருக்கிறேன். குலை ஏற்றிய லோரி மேடையில் ஏறும், எடை பதிவேன். கொட்டிவிட்டு வெறும் லோரி திரும்பும்போது இன்னொரு முறை போடுவேன். கழித்தால் குலையின் எடை. பகலில் மூச்சுவிட நேரமிருக்காது. இரவு ஷிப்டில் பதினொரு மணிக்கு மேல் ஒரு லோரிக்கும் அடுத்த லோரிக்கும் நடுவில் முக்கால் மணி நேரம்கூட விழும். அந்த நேரத்தில் தூங்காமல் இருக்கத்தான் 2022 நடுவில் நிரல் புதிர்கள், அதாவது கணினி நிரல் எழுதி விடை எடுக்கும் புதிர்கள், போட ஆரம்பித்தேன்.

எல்லா வகையும் போட்டுப் பார்த்துவிட்டேன். என்னோடு ஒட்டிக்கொண்டது ஒரே வகை: எழுத்துகள் நிரம்பிய ஒரு கட்டத்தைத் திருப்பு, கவிழ், மடித்துப் போடு என்று கேட்கிற புதிர்கள். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். விடை சரியா தப்பா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். நடுவில் லோரி வந்து ஹாரன் அடித்தாலும் விட்ட இடம் மறக்காது.

தொடங்கியது கோட்வார்ஸில் உள்ள 'மூவ்ஸ் இன் ஸ்குவேர்ட் ஸ்டிரிங்ஸ்' என்ற தொடரில். அந்தத் தளம் கராத்தே வகுப்பு மாதிரி 'கியு' கணக்கில் புதிர்களைத் தரம் பிரிக்கும். 8 கியு சுலபம், 1 கியு கடினம். இந்தத் தொடர் சுலபத்தின் பக்கம்தான். நான்கு பாகம். நமக்குக் கொடுப்பது ஒரே ஒரு நீளச் சரம், அதாவது எழுத்துகளின் தொடர். ஒரு வரியில் எத்தனை எழுத்தோ அத்தனை வரி, நடுவில் வரி முடிவுக் குறிகள். முதல் பாகத்தில் இடவலமாகவும் மேல்கீழாகவும் கவிழ்க்க வேண்டும். இரண்டாவதில் அரைச்சுற்று. மூன்றாவதில் மூலைவிட்டத்தின் மேல் மடித்துக் கவிழ்ப்பது, கடிகாரச் சுற்றில் 90 பாகை திருப்புவது. நான்காவதில் மற்ற மூலைவிட்டமும் எதிர்ச்சுற்றும். இடையில் 'செல்ஃபி' என்று ஒரு வேடிக்கை உண்டு: பழைய கட்டத்தையும் திருப்பிய கட்டத்தையும் சேர்த்து ஒரே படமாகக் காட்ட வேண்டும்.

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 90 பாகை திருப்ப எனக்கு நான்கு இரவு ஆனது.

நான் செய்த தப்பு, இடங்களை எண்ணால் பிடிக்கப் பார்த்தது. இந்த வரி இந்த நெடுவரிசையில் இருப்பது அங்கே எங்கே போகும் என்று காகிதத்தில் சூத்திரம் எழுதி, மொத்தத்திலிருந்து கழிக்கும்போது ஒன்று கூடக் கழிக்க மறந்து, முதல் எழுத்திலேயே பைத்தான் நிரல்மொழி 'எல்லை தாண்டிவிட்டாய்' என்று நின்றுவிடும். ஒன்றைக் கழித்தால் அடுத்த இரவு அது எதிர்ச்சுற்றாகத் திரும்பியிருக்கும். கடைசியில் சூத்திரத்தை விட்டுவிட்டு ஒரு சின்னக் கட்டத்தை எழுதிப் பார்த்தேன்.

க ங ச
ஞ ட ண
த ந ப

இதில் வரிகளை நெடுவரிசையாக்கினால், அதாவது மூலைவிட்டத்தின் மேல் மடித்தால்:

க ஞ த
ங ட ந
ச ண ப

இப்போது ஒவ்வொரு வரியையும் பின்னாலிருந்து எழுதினால்:

த ஞ க
ந ட ங
ப ண ச

அவ்வளவுதான், கடிகாரச் சுற்றில் 90 பாகை. மடித்த பிறகு வரிகளுக்குப் பதிலாக மேல்கீழைக் கவிழ்த்தால் எதிர்ச்சுற்று. கழித்தலும் இல்லை, எல்லை தாண்டலும் இல்லை. பைத்தானில் மடிக்கிற வேலையை 'ஜிப்' என்ற ஒரே ஃபங்ஷன் பார்த்துக்கொள்கிறது. மூலைவிட்ட மடிப்பு ஒன்று, இடவலக் கவிழ்ப்பு ஒன்று, இந்த இரண்டை மாற்றி மாற்றிச் செய்தே ஒரு சதுரக் கட்டத்தின் எட்டு நிலைகளையும் (நான்கு திருப்பம், ஒவ்வொன்றுக்கும் ஒரு கவிழ்ப்பு) எடுத்துவிடலாம். ஒன்பதாவது நிலை என்று ஒன்று கிடையாது.

ஆனால் ஏன் இரண்டு கவிழ்ப்பு சேர்ந்தால் ஒரு திருப்பம் ஆகிறது என்பது எனக்கு விளங்கியது கணினியில் இல்லை. என் அம்மா லிந்தாங் சாலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர். ஒருநாள் காலை ஷிப்டு முடிந்து வந்து, கட்டம் எழுதிய தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பின்பக்கமாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னடா பண்ற என்றார். சொன்னேன்.

"கண்ணாடியில பாத்தா மாதிரியா? அப்படிச் சீவினா கங்காணி கிழிச்சிருவாரு" என்றார்.

பால்மரத்தில் வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்க வேண்டும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக நிற்பதில்லை. கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அதனால் இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டுதான் அதிகக் குழாய்களை அறுக்கும், பால் பிடிக்கும் மங்கில் அதிகப் பால் விழும். அதே நீளம், அதே சாய்வு, ஆனால் இடவலம் மாறினால் பால் குறையும். இடக்கைப் பழக்கத்தோடு புதிதாக வந்தவர்கள் முதல் வாரம் மாற்றிச் சீவிவிடுவார்களாம்.

அம்மா ஒரு தாளில் அந்த வெட்டை ஒரு சாய்கோடாகப் போட்டார். தாளைத் தலைகீழாகத் திருப்பினேன். சாய்வு மாறவில்லை. சன்னலில் பின்பக்கமாகப் பிடித்தேன், மாறியது. அப்படியே பின்பக்கமாக வைத்து மேல்கீழையும் கவிழ்த்தேன், பழையபடி சரியான வெட்டு. ஒரு கண்ணாடி கையை மாற்றும். இரண்டு கண்ணாடி சேர்ந்தால் கை திரும்பி வந்துவிடும், மிச்சமிருப்பது வெறும் சுற்றுதான். தொடரின் இரண்டாம் பாகம் கேட்கிற அரைச்சுற்று இதுதான். மூலைவிட்ட மடிப்பும் ஒரு கண்ணாடியே, சாய்த்து வைத்த கண்ணாடி. அதோடு இன்னொன்று சேர்ந்தால் கால்சுற்று. அன்றைக்குப் பிறகு எது திருப்பம், எது கவிழ்ப்பு என்று நான் குழம்பியதில்லை.

(மலாயாவின் முதல் ரப்பர் கன்றுகளை 1877இல் நட்ட கோலகங்சார் எங்களுக்குப் பக்கத்து ஊர். இப்போது இந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனைதான். அம்மாவின் வித்தையைக் காட்ட மரம் தேட வேண்டும்.)

சரி, கஷ்டங்களுக்கு வருகிறேன். முதல் வருடத்தில் என்னை அதிகம் அலைக்கழித்தது வரி முடிவுக் குறி. ஒரு புதிருக்கு உள்ளீட்டைக் கோப்பிலிருந்து படித்தேன். கோப்பின் கடைசியில் ஒரு வரி முடிவுக் குறி கூடுதலாக இருந்தது. அதைப் பிரித்தபோது கடைசியில் எழுத்தே இல்லாத ஒரு வெற்று வரியும் சேர்ந்துகொண்டது. ஜிப் எப்போதும் இருப்பதிலேயே குட்டையான வரியோடு நின்றுவிடும், ஒரு வார்த்தை சொல்லாது. குட்டையான வரியின் நீளம் பூஜ்யம். ஆகவே விடையும் பூஜ்யம். பிழைச் செய்தி இல்லை, சிவப்பு எழுத்து இல்லை, வெள்ளைத் திரை மட்டும். இரண்டு இரவு என் திருப்பும் நிரலையே பிய்த்துப் பிய்த்துக் கட்டினேன். அதில் ஒரு குற்றமும் இல்லை. இப்போது எந்தக் கட்டம் வந்தாலும் முதல் வேலை, எல்லா வரியும் ஒரே நீளமா என்று பார்ப்பது. வரி ஓரத்தில் உள்ள இடைவெளிகளை யாராவது 'சுத்தம்' செய்து அனுப்பியிருந்தாலும் இதே கதைதான். வலது ஓரம் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

லீட்கோடு என்ற இன்னொரு தளத்தின் 48ஆவது புதிர், 'ரொட்டேட் இமேஜ்', இன்னொரு விதம். எண்கள் நிரம்பிய கட்டம், அதிகபட்சம் 20க்கு 20. புதுக் கட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளக் கூடாது, இருக்கிற இடத்திலேயே திருப்ப வேண்டும். ஆலை முற்றத்தில் நான்கு லோரிகளை ஒன்றின் இடத்துக்கு ஒன்றாக மாற்றி நிறுத்துவது போலத்தான்: ஓரமாக ஒரே ஒரு காலி இடம் இருந்தால் ஒன்றை அங்கே தள்ளி, மற்றவற்றை வரிசையாக நகர்த்தி, தள்ளியதைக் கடைசியில் கொண்டுவரலாம். வெளி வளையத்தில் தொடங்கி உள்ளே போக வேண்டும். இதையும் மடித்துக் கவிழ்த்தே செய்யலாம், அதுதான் எனக்குச் சுலபம். ஆனால் வளைய முறையை ஒரு தடவையாவது கையால் எழுதிப் பாருங்கள்.

எனக்கு அதிகம் பிடித்தவை டிசம்பரில் வருபவை. எரிக் வாஸ்டல் என்பவர் 2015 முதல் நடத்தும் 'அட்வென்ட் ஆஃப் கோட்'. அமெரிக்கக் கிழக்குக் கரையின் நள்ளிரவில் புதிர் திறக்கும். நமக்கு அது பகல் ஒரு மணி. சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு படிக்கலாம். நான் தொடங்கியது தாமதம் என்பதால் பழைய வருடங்களைப் பின்னோக்கிப் போட்டேன். 2020இன் 20ஆம் நாள் புதிர் இந்த வகையின் பெரிய பூசை. 10க்கு 10 அளவில் 144 சில்லுகள். ஒவ்வொன்றும் எட்டு நிலைகளில் எந்த நிலையிலும் இருக்கலாம். ஓரங்களைப் பொருத்தி 12க்கு 12ஆக அடுக்கி, ஓரங்களைச் சீவி எறிந்தால் 96க்கு 96 அளவில் ஒரு படம். அதில் 15 புள்ளிகளால் ஆன கடல் பூதங்களைத் தேட வேண்டும்; படம் சரியான நிலையில் இருந்தால்தான் பூதம் தெரியும்.

நான் முதலில் முழுப் படத்தையும் எட்டு விதமாகத் திருப்பினேன். பிறகு உறைத்தது, மூன்று வரி உயரமுள்ள பூதத்தைத் திருப்பினால் போதுமே! அலமாரியை நகர்த்தாமல் ஆணியை நகர்த்துவது போல.

2023இன் 14ஆம் நாள் இன்னொரு நல்ல புதிர். பாறைகள் கிடக்கும் ஒரு மேடையை வடக்கு, மேற்கு, தெற்கு, கிழக்கு என்று சாய்க்க வேண்டும், அப்படி நூறு கோடி சுற்று. நான்கு திசைக்கு நான்கு ஃபங்ஷன் எழுதுகிறவர்களைப் பார்த்தேன். வடக்கே சாய்க்க மட்டும் ஒன்று எழுதி, ஒவ்வொரு தடவையும் கட்டத்தை 90 பாகை திருப்பிவிட்டால் வேலை முடிந்தது. நூறு கோடிக்கு வேறு தந்திரம்: கொஞ்ச நேரத்தில் பழைய நிலையே திரும்ப வரும், அதைக் கண்டுபிடித்து மீதியைத் தாண்டிவிடலாம். 2025இல் புதிர்களை 12 ஆகக் குறைத்து, வேகமாக விடை கண்டவர்களின் உலகப் பட்டியலையும் எடுத்துவிட்டார்கள். பட்டியலில் வரவே போகாத என்னைப் போன்றவனுக்கு நஷ்டமில்லை. 12 நாளே என் ஷிப்டுக்குச் சரி.

எச்சரிக்கையாக ஒன்று. அம்புக்குறிகள் உள்ள கட்டத்தைத் திருப்பும்போது குறியின் இடம்தான் திரும்பும், குறி திரும்பாது. வலப்பக்கம் காட்டிய அம்பு புது இடத்துக்குப் போயும் வலப்பக்கமே காட்டிக்கொண்டு நிற்கும். அதைத் தனியாக மாற்ற வேண்டும்.

இனி எந்தப் புதிரும் கேட்காத, எனக்கு அதிக நாள் எடுத்த விஷயம். இந்தப் புதிர்கள் எல்லாமே ஒரு பெட்டிக்கு ஒரு குறி என்று நம்பி எழுதப்பட்டவை. ஆங்கிலத்துக்கு அது சரி. எனக்குத் தமிழில் போட்டுப் பார்க்க ஆசை.

ஆசைக்குக் காரணம் நாளிதழ்க் குறுக்கெழுத்து. அப்பா இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை கோப்பியோடு அதில்தான் உட்காருவார். நம் குறுக்கெழுத்தில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் மட்டுமா? வலமிருந்து இடமும் உண்டு, கீழிருந்து மேலும் உண்டு. கவிழ்த்துப் படிக்கும் பழக்கம் வீட்டிலேயே இருந்திருக்கிறது. அங்கே 'மா' ஒரு பெட்டி, 'ழ்' ஒரு பெட்டி. யாரும் சந்தேகப்பட்டதில்லை.

கணினி சந்தேகப்படுகிறது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 5 என்கிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூனிகோடில் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறியெண். அந்தச் சொல்லைக் கவிழ்த்தால் புள்ளி ஒட்ட இடமில்லாமல் முன்னால் வந்து தொங்கும்.

சோதிக்க ஒரு நல்ல கட்டம் தேடினேன். தண்டியலங்காரத்தில் வரும் சித்திரகவிகளில் சருப்பதோபத்திரம் என்று ஒன்று உண்டு. 64 அறைகளில் எழுதி எந்தப் பக்கமிருந்து படித்தாலும் அதே பாட்டு வர வேண்டும். எடுத்துக்காட்டு இது:

மா வா நீ தா தா நீ வா மா
வா யா வா மே மே வா யா வா
நீ வா ரா மா மா ரா வா நீ
தா மே மா ரா ரா மா மே தா

இந்த நான்கு வரிகளையும் கீழே தலைகீழ் வரிசையில் இன்னொரு முறை எழுதினால் 8க்கு 8. முதல் வரியை மட்டும் இடைவெளி எடுத்துவிட்டு என் பழைய நிரலில் கவிழ்த்தேன். வந்தது: தனியாக ஒரு கால், அப்புறம் 'மாவீநாதாதீநாவாம'. 'நீ'யின் மேல்சுழி பக்கத்து வீட்டு 'வா'வுக்குக் குடிபோய் அதை 'வீ' ஆக்கிவிட்டது. கடைசி 'மா' காலை இழந்து 'ம' ஆகிவிட்டது. எட்டு எழுத்து வரி கணினிக்கு 16 குறி. ஆகவே கட்டம் சதுரமே இல்லை, 8க்கு 16. திருப்புவதைப் பற்றிப் பேசவே முடியாது.

தீர்வு சுலபம்தான், தெரிந்துவிட்டால். சரத்தை முதலில் எழுத்துகளாகப் பிரித்துப் பட்டியலாக்க வேண்டும். பைத்தானுக்கு ஓப்பன்-தமிழ் என்ற நிரலகம் இருக்கிறது, அது உயிர்மெய்யை ஒரே எழுத்தாகப் பிரித்துக் கொடுக்கும். அதற்கு முன்னால் யூனிகோட் இயல்பாக்கமும் செய்துவிடுங்கள்: 'கொ'வின் ஒகரக் குறி சில கோப்பில் ஒரே குறியெண்ணாகவும் சில கோப்பில் இரண்டாகவும் இருக்கும், கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். நிரல் ஓடும் கறுப்புத் திரையில் அச்சிட்டுப் பார்க்காதீர்கள். நம் எழுத்துகளின் அகலம் ஒன்றுக்கொன்று வேறு, நெடுவரிசை நேராக நிற்காது. நான் விரிதாளில் ஒட்டிப் பார்ப்பேன்.

பிரித்த பிறகு எட்டு நிலையிலும் ஓட்டினேன். எட்டும் அச்சு அசலாக ஒரே கட்டம். அம்மாவிடம் காட்டினேன். "இது சம்பந்தர் பாட்டு மாதிரியில்ல இருக்கு, யாமாமா நீ" என்றார். மூன்றாம் திருமுறையில் உள்ள, பின்னாலிருந்து படித்தாலும் அதே வரி வரும் மாலைமாற்றுப் பதிகத்தைச் சொல்கிறார். கோயில் தேவார வகுப்பில் படித்தது.

பெருமை ஒருநாள்தான் தாங்கியது. அக்கா மகள் படிவம் மூன்று. சனிக்கிழமை வந்தவள் திரையைப் பார்த்துவிட்டு, "மாமா, எட்டும் ஒண்ணாத்தான் வரும்னா, உங்க ஃபங்ஷன் ஒண்ணுமே செய்யாம இருந்தாலும் பாஸ்தானே லா?" என்றாள். உண்மை. எழுத்தைச் சரியாகப் பிரித்தேனா என்று பார்க்க அந்தக் கட்டத்தைவிட நல்லது கிடைக்காது. திருப்பினேனா என்று பார்க்க அதைவிட மோசமானதும் கிடைக்காது. அதற்கு என் பழைய க ங ச கட்டம்தான் சரி, எந்த எழுத்தும் திரும்ப வராது. ஒரு தளத்தில் மாதிரிச் சோதனையாகச் சமச்சீர் கட்டத்தையே கொடுத்திருந்தார்கள். என் தப்பான விடை அதில் பாஸாகி, பிறகு மறைவுச் சோதனையில் விழுந்தது. அந்த எரிச்சல் எதனால் என்று எனக்கு விளங்கவைத்தவள் பதினைந்து வயதுப் பிள்ளை.

செலவு என்று பார்த்தால் நான் மேலே பெயர் சொன்ன புதிர்கள் எல்லாம் இலவசம். வேறொரு தளத்தில் ஆசைப்பட்டு மாதச் சந்தா கட்டினேன். நிறுத்தும் பொத்தானைக் கண்டுபிடிப்பதற்குள் இன்னொரு மாதப் பணமும் போய்விட்டது, அறுபது வெள்ளிக்குப் பக்கம். கைப்பேசியில் போடுவது வீண் வேலை. கட்டம் வரி மடிந்து தெரியும், மடிந்த கட்டத்தைப் பார்த்து மூளையும் மடியும். பழைய மடிக்கணினி போதும். கூடவே ஒரு பேனாவும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறையும் வைத்துக்கொள்ளுங்கள். அக்கா மகள் எந்தப் புதிருக்கும் முதலில் உறையில் எழுதிப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் விசைப்பலகையைத் தொடுவாள். என்னைவிட வேகம்.

வேலை தேடுகிறவர்கள் இதையே நம்பி இருக்க வேண்டாம். இருபது புதிருக்குப் பிறகு கட்டம் திருப்புவதில் புதிதாக ஒன்றும் வராது. நானும் 2024இல் ஆறு மாதம் தொடவேயில்லை. திரும்ப இழுத்தது தமிழ்க் கட்டங்கள்தான். இப்போது அக்கா மகளும் நானும் ஒரு குறுக்கெழுத்துக் கட்டம் செய்கிறோம், நான்கு திசையிலும் சொற்கள், கட்டத்தைக் கவிழ்த்தால் வேறு சொற்கள். இதுவரை ஆறுக்கு ஆறுதான் வந்திருக்கிறது. கீழ் வலது மூலையில் ஒரு பெட்டி மூன்று வாரமாகக் காலி. அம்மா 'று' போடச் சொல்கிறார். 'று' போட்டால் மேலே 'வயிறு' நிற்கிறது, கவிழ்த்தால் சொல்லே 'று'வில் தொடங்குகிறது.